நார்மல் என்று சொன்னால் நம்பி வந்துவிடுவதா?



நீளமான பதிவு. ஆர அமர உட்கார்ந்து படியுங்கள். பாதி படித்துவிட்டு “சூப்பர் சார்” என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

இன்ஜின் ஆயிலைப் பற்றி எழுதப் போகிறேன். அதுவும் ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் ஆயில். “சார் எப்போ மெக்கானிக் ஆனார்?” என்று கேட்பீர்கள். நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவன்தான். ஆனால் பள்ளி விட்டதும் பல வருடம் நான் போய் உட்கார்ந்த இடம் என் மச்சானுடைய லேத் பட்டறை. நாமக்கல் பக்கத்தில் லாரி இன்ஜினைப் பிரித்துப் போட்டுப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ரீபோர் செய்வது, ரிங் மாற்றுவது, வால்வு கிரைண்டிங் எல்லாம் டீ குடித்துக்கொண்டே பார்த்தவன் நான். எட்டாம் வகுப்புக்கு அறிவியலும் கணக்கும் எடுத்தவனுக்கு அதைவிட நல்ல ஆய்வகம் எங்கே கிடைக்கும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் படித்த ஒரு தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். பெயர் வேண்டாம், அவன் வகுப்புக்காரர்களுக்குத் தெரியும். சின்ன வயதில் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கமெல்லாம் கார் படம் வரைவான். சென்ற வருடம் ஆசைப்பட்டு ஒரு இரண்டு கதவு டர்போ ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான், செகண்ட் ஹேண்டில். கம்பெனிப் பெயரையும் எழுதவில்லை. நான்கு சிலிண்டர், இரண்டு லிட்டர் இன்ஜின். வாங்கிய சில மாதத்தில் ஆயில் குறைகிறது என்று விளக்கு எரிந்தது. ஊற்றினான். மறுபடி எரிந்தது. ஷோரூம் சர்வீஸில் கேட்டதற்கு, “1,000 மைலுக்கு ஒரு குவார்ட் வரை குறைவது நார்மல், புத்தகத்திலேயே போட்டிருக்கிறது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவன் இதை வாட்ஸாப் குழுவில் போட்டதும் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் கெட்டி ஆயில் ஊற்றச் சொன்னார். ஒருவர் ஏதோ டப்பா மருந்து ஊற்றச் சொன்னார். இன்னொருவர் (உறவுக்காரர், அதனால் கொஞ்சம் மரியாதையாகவே எழுதுகிறேன்) மருந்தை ஊற்றி, புகை நின்ற இரண்டு வாரத்துக்குள் வண்டியை வேறொருவர் தலையில் கட்டிவிடச் சொன்னார். தம்பி எனக்குத் தனியாக எழுதினான்: “சார், ஊற்றிக்கொண்டே இருப்பதா, விற்பதா, பிரிப்பதா?”

அவனுக்கு எழுதிய பதிலைத்தான் எல்லோருக்குமாக இங்கே விரித்து எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: “நார்மல்” என்பது ஒரு பதிலே இல்லை. அது கம்பெனி தனக்காகப் போட்டுக்கொண்ட வேலி. உங்கள் இன்ஜின் நன்றாக இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. உங்கள் வண்டி நேற்று எவ்வளவு குடித்தது, இன்று எவ்வளவு குடிக்கிறது என்பதுதான் சொல்லும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஒரு குவார்ட் என்பது 0.946 லிட்டர். 1,000 மைல் என்பது 1,609 கிலோமீட்டர். ஆக, அந்த ஷோரூம் சொன்ன அளவு 1,000 கிலோமீட்டருக்கு 590 மில்லி. பழைய காற்றுக் குளிரூட்டல் போர்ஷே 911 கார்களின் கையேட்டில் 1,000 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்று இருந்தது. டொயோட்டா கம்பெனி அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட இன்ஜினுக்கு, 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு மேல் குடித்தால் கோளாறு என்று வைத்தது. அது 490 மில்லி. ஒரு கம்பெனிக்கு நோய், இன்னொரு கம்பெனிக்கு நார்மல். மூன்று மடங்கு வித்தியாசம்! உடம்புச் சூடு 98.4 டிகிரி என்பது போல இயற்கையில் இருந்து வந்த எண்ணாக இருந்தால் இப்படி ஆளுக்கு ஆள் மாறுமா?

சிலருக்கு 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்றால் அதிகமா குறைவா என்றே தெரிவதில்லை. அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டருக்கும் மொபெட்டுக்கும் பெட்ரோல் பங்கில் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் கலந்து ஊற்றுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? அது இரண்டு சதவீதம். அந்த வண்டி ஆயிலை எரிப்பதற்கென்றே பிறந்தது; எரித்துத்தான் ஆக வேண்டும். இப்போது லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடுகிற ஒரு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோமீட்டருக்கு 100 லிட்டர் பெட்ரோல். கூடவே ஒரு லிட்டர் ஆயில் எரிந்தால் அது ஒரு சதவீதம். அதாவது, ஆயிலே எரியக்கூடாத இன்ஜின், புகை கக்கிக்கொண்டு போன அந்த ஸ்கூட்டர் எரித்ததில் பாதியை எரிக்கிறது. இதைத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நார்மல் என்கிறார்கள்.

தம்பியிடம் நான் முதலில் கேட்டது, “எத்தனை மைலுக்கு எத்தனை ஊற்றினாய், தேதி போட்டு எழுது” என்பதுதான். நல்ல பிள்ளை, ரசீதுகளை வைத்திருந்தான். முதல் குவார்ட் 2,400 மைல் ஓடியதும் தேவைப்பட்டது. இரண்டாவது 1,700 மைலில். மூன்றாவது 1,100 மைலில். நம் அளவுக்கு மாற்றினால் 1,000 கிலோமீட்டருக்கு 245 மில்லி, 345 மில்லி, 535 மில்லி. மூன்றுமே ஷோரூம் கணக்கில் பாஸ்! முதல் தேர்வில் 80 வாங்கிய பையன் அடுத்ததில் 65, அதற்கடுத்ததில் 45 வாங்கினால், 35-க்கு மேல்தானே, பாஸ்தானே என்று ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற வாத்தியாரை நீங்கள் என்ன சொல்வீர்கள்? வீட்டில் என்ன பிரச்சினை, கண் சரியாகத் தெரிகிறதா என்று கூப்பிட்டுக் கேட்க வேண்டாமா?

நிலையாக ஒரே அளவில் குறைகிற இன்ஜினும், மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகிற இன்ஜினும் ஒன்றல்ல. இதற்கு டிகிரி தேவையில்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லா ஸ்போர்ட்ஸ் காரும் ஆயில் குடித்தால் நோயாளி என்று ஆகிவிடாது. மஸ்டாவின் ஆர்எக்ஸ்-8 என்று ஒரு கார், 2003 முதல் 2012 வரை வந்தது. அதில் பிஸ்டனே கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் சுழலும். அந்த முக்கோணத்தின் முனைகளில் உள்ள சீல்கள் சுவரை உரசிக்கொண்டே ஓடுவதால், அவற்றுக்கு வழுவழுப்பு வேண்டுமென்று ஒரு சின்ன பம்பு இன்ஜின் ஆயிலை அளந்து அளந்து உள்ளே தெளிக்கும். அந்த ஆயில் எரிந்துதான் போகும். நம்ம 2டி ஆயில் கதைதான், ஜப்பான் வேஷத்தில்! 1991-இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மஸ்டா காரும் இந்த வகை ரோட்டரி இன்ஜின்தான். அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் குறையவே இல்லை என்றால்தான் பம்பு அடைத்துவிட்டதோ என்று கவலைப்பட வேண்டும். இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை ஆயில் பார்ப்பது என்று அந்தக் கார்க்காரர்கள் பழக்கமே வைத்திருக்கிறார்கள். அதனால் “என் கார் ஆயில் குடிக்கிறது” என்று பதறுவதற்கு முன், அது குடிக்கப் பிறந்த காரா, குடிக்கப் பழகிய காரா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தம்பியின் கார் பிஸ்டன் உள்ள சாதாரண வகை. அதில் ஆயில் எந்த வழியாகப் போகிறது?

மச்சான் பட்டறையில் பிஸ்டனைக் கையில் எடுத்துக் காட்டி நான் பாடம் எடுத்ததுண்டு. பிஸ்டனைச் சுற்றி மூன்று ரிங். மேலே உள்ள இரண்டும் முக்கியமாக அழுத்தம் கீழே போகாமல் காக்க. மூன்றாவது ஆயில் ரிங். சிலிண்டர் சுவரில் தெறிக்கும் ஆயிலை, கல்லில் ஒட்டிய மாவைத் தோசைத் திருப்பி வழிப்பது போல வழித்துக் கீழே அனுப்புவது அதன் வேலை. வழித்த ஆயில் திரும்பிப் போக பிஸ்டனில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அந்தத் துளைகள் கரியால் அடைபட்டால் ஆயில் அங்கேயே தேங்கி, வெந்து, பிசின் போல ஆகி ரிங்கையே பள்ளத்தில் ஒட்ட வைத்துவிடும். ஒட்டிய ரிங் வழிக்காது. வழிக்காத ஆயில் மேலே போய் எரியும். எரிந்து இன்னும் கரியாகும். ஒன்றை ஒன்று வளர்க்கும் வியாதி இது. அதனால்தான் தம்பியின் எண்கள் ஏறிக்கொண்டே போவது எனக்குப் பிடிக்கவில்லை.

இதற்குப் பேர்போன உதாரணம் டொயோட்டாவின் எம்ஆர்2 ஸ்பைடர். இருக்கைக்குப் பின்னால் இன்ஜின் வைத்த, மேல்கூரை திறக்கும் அழகான சின்னக் கார், 1999-இல் வந்தது. அதில் இருந்த 1.8 லிட்டர் இன்ஜினின் ஆரம்பகாலப் பிஸ்டன்களில் ஆயில் திரும்பும் துளைகள் போதவில்லை. பின்னால் டொயோட்டாவே பிஸ்டனை மாற்றி அமைத்தது. டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்கிற என் தம்பி முறைக்காரர்கள் இதைக் கவனிக்கவும். அந்த இன்ஜின் பிடிக்கும் மொத்த ஆயிலே 3.7 லிட்டர்தான். அதில் ஒன்றரை லிட்டர் குறைந்தால் மீதி எவ்வளவு என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

ரிங்கை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. வால்வுத் தண்டைச் சுற்றி ரப்பர் சீல் இருக்கும், வயதானால் இறுகிவிடும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குபுக்கென்று நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் இந்தச் சீல்தான். மலை இறக்கத்தில் கியரிலேயே இறங்கிவந்து, கீழே மறுபடி ஆக்ஸிலேட்டர் மிதித்ததும் புகை வந்தாலும் இதுதான். (போர்ஷே, சுபாரு போல சிலிண்டர் படுத்த நிலையில் இருக்கும் இன்ஜின்களில் காலைப்புகை கொஞ்சம் வருவது உண்டு, அதற்காக இன்ஜினைப் பிரிக்காதீர்கள்.) டர்போ இருந்தால் அதன் சீல் தேய்ந்தும் ஆயில் உள்ளே போகலாம். வெளியே கசிந்து, கீழே போட்டிருக்கிற பிளாஸ்டிக் தட்டில் தேங்கியோ, சூடான எக்ஸாஸ்ட் பைப்பில் விழுந்து எரிந்தோ போகலாம். தரையில் ஒரு சொட்டுகூடத் தெரியாது.

எல்லாவற்றிலும் மலிவானது பிசிவி வால்வு. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி எரிய அனுப்பும் சின்ன வால்வு அது. அதன் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர்த் தகடு கிழிந்தால், ஆவியோடு ஆயிலையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பல ஜெர்மன் டர்போ கார்களில் இது அடிக்கடி போகிற சாமான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால், மூடியை உள்ளே இழுத்துப் பிடிப்பது போல பலமாக உறிஞ்சும். சில வண்டியில் விசில் சத்தமே கேட்கும். இதை மாற்றுவதற்கும் இன்ஜினை இறக்கி ரிங் மாற்றுவதற்கும் உள்ள செலவு வித்தியாசம், காய்ச்சல் மாத்திரைக்கும் பைபாஸ் ஆபரேஷனுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் “நார்மல்” என்று சொல்லி அனுப்பினவர்கள் அந்த மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

“புகையே வரவில்லையே சார்” என்பான் இன்னொருவன். வராது. 100 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிற நான்கு சிலிண்டர் இன்ஜின், 1,000 கிலோமீட்டர் போக பத்து மணி நேரம். அதற்குள் 36 லட்சம் தடவை உள்ளே பெட்ரோல் எரிகிறது. ஒரு லிட்டர் ஆயில் என்பது சுமார் 20,000 சொட்டு. ஆக 180 தடவை எரிவதற்கு ஒரே ஒரு சொட்டு ஆயில். அதிலும் இப்போதைய கார்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கிறது. அது புகையை மென்று விழுங்கிவிடும். ஆனால் ஆயிலில் உள்ள துத்தநாகமும் பாஸ்பரஸும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கன்வர்ட்டரையே செயலிழக்கச் செய்துவிடும். கண்ணுக்குப் புகை தெரிகிறபோது, கன்வர்ட்டருக்கும் சேர்த்துச் செலவு காத்திருக்கும்.

ஸ்போர்ட்ஸ் காரில் இன்னொரு ஆபத்து உண்டு. மளிகைக் கடைக்குப் போய்வருகிற காரில் அரை லிட்டர் குறைந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வளைவில் வேகமாகத் திருப்புகிறவன், பலமாக பிரேக் அடிக்கிறவன் கதை வேறு. குடத்தில் பாதித் தண்ணீரோடு சட்டென்று திரும்பினால் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறும் இல்லையா? சம்ப்பிலும் அப்படித்தான். ஆயிலை உறிஞ்சும் குழாய் அந்த நொடி காற்றை உறிஞ்சும். 6,000 சுற்றில் ஓடுகிற பேரிங்குக்கு ஆயில் இல்லாத இரண்டு நொடி போதும், தேய்ந்துவிடும். பந்தயத்துக்கென்றே செய்யும் கார்கள் பலவற்றில் ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்து பம்பு மூலம் அனுப்புவது இதற்காகத்தான். தம்பிக்கு மாதம் ஒருமுறை டிராக்கில் ஓட்டுகிற ஆசை உண்டு. கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: காரணம் தெரிகிறவரை டிராக் பக்கம் போகக் கூடாது. ரோட்டில் ஓட்டினாலும் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில் அல்ல. சிவப்பு விளக்கை நம்பி இருப்பவன் பிள்ளை மயங்கி விழுந்த பிறகு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன்.

அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். சமதளத்தில் நிறுத்துங்கள். சூடான இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பதென்றால், எப்போதும் அப்படியே பாருங்கள். ஒரு நாள் சூட்டில், ஒரு நாள் குளிரில் பார்த்தால் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது. சில கார்களில் இப்போது டிப்ஸ்டிக்கே இல்லை, திரையில்தான் காட்டும். அதன் கையேட்டில் சொன்ன முறைப்படி பாருங்கள். (டிப்ஸ்டிக்கை எடுத்தவன் யாரோ, அவனை எட்டாம் வகுப்பில் மறுபடி உட்கார வைக்க வேண்டும்.) எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று அளந்து ஊற்றுங்கள், “கொஞ்சம் ஊற்றினேன்” என்று நோட்டில் எழுதக் கூடாது. மேல் கோட்டுக்கு மேலேயும் ஊற்றாதீர்கள். அதிகமான ஆயிலை கிராங்க் அடித்து நுரையாக்கும், பிசிவி வழியாக இன்னும் அதிகமாக வெளியே போகும். ஆயில் குடிப்பது கூடிவிட்டதென்று நீங்கள் பயப்படுவீர்கள்.

குளிர் நாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓட்டினால் இன்ஜின் சூடாகாது; எரியாத பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் கலந்து விடும். ஆயில் குறைந்தாலும் பெட்ரோல் அந்த இடத்தை நிரப்பி, அளவு சரியாக இருப்பது போலக் காட்டும். பிறகு ஒரு நாள் 500 மைல் நெடுஞ்சாலையில் போனால், கலந்த பெட்ரோல் ஆவியாகி அளவு திடீரென்று இறங்கும். “நேற்றுவரை நன்றாக இருந்ததே” என்று திகைக்காதீர்கள். நேற்றுவரை நீங்கள் பார்த்தது பாதி பெட்ரோல்.

இனி, ஊற்றச் சொன்ன மருந்துக்கு வருகிறேன். கரியைக் கரைக்கிற சில கரைசல்கள் ஒட்டிய ரிங்கை இளக்கலாம். சிலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது, சிலருக்கு இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி பிஸ்டன்மேல் ஊற்றி ஊற வைக்கிற வைத்தியம் அது. அதை முயல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் எதிர்ப்பது கெட்டியாக்கும் மருந்தை. அது எதையும் குணப்படுத்தாது, ஆயிலைக் கஞ்சியாக்கிப் புகையை மட்டும் மறைக்கும். இப்போதைய இன்ஜின்களில் வால்வு நேரத்தை மாற்றுகிற நுணுக்கமான பாகங்கள் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. டர்போவுக்குப் போகும் குழாய் மெல்லியது. குளிர் காலையில் கஞ்சி அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? கையேட்டில் அனுமதித்திருக்கும் ஆயில் வகைகளில் சற்றுக் கெட்டியானதைத் தேர்ந்தெடுப்பது வேறு. கையேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு லாரி ஆயிலை ஊற்றுவது வேறு.

மருந்து ஊற்றி விற்றுவிடச் சொன்ன உறவினருக்கு: மாமா, வாங்கப் போகிறவனும் யாரோ ஒரு வாத்தியாரிடம் படித்த பிள்ளைதான். அவனும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கார் வரைந்திருப்பான். தம்பிக்கு இந்த வண்டியை விற்றவன் அதைத்தான் செய்தானோ என்றுகூட எனக்குச் சந்தேகம். முதல் 2,400 மைல் நன்றாக இருந்து பிறகு வேகமாக ஏறியதைப் பாருங்கள். விற்பதானால் நோட்டைக் காட்டி, விலையைக் குறைத்து விற்கட்டும்.

“ஊற்றிக்கொண்டே ஓட்டினால் என்ன? ஒரு லிட்டர் ஆயில் விலை எவ்வளவு, இன்ஜின் வேலை எவ்வளவு?” என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 3,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர், வருடக் கணக்காக அதே அளவு, பழைய கார், காரணமும் தெரிந்துவிட்டது என்றால், நானும் ஊற்றிக்கொண்டே ஓட்டு என்றுதான் சொல்வேன். டிக்கியில் ஒரு டப்பா வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ரிங் மாற்ற இன்ஜினை இறக்கி, ஹெட்டைப் பிரித்து, பிஸ்டனை உருவ வேண்டும். காரின் விலையை விடச் செலவு கூடுவதும் உண்டு. ஆனால் அது காரணத்தைக் கண்டறிந்த பிறகு எடுக்கிற முடிவு.

தம்பிக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் கசிவு இருக்கிறதா என்று அடித்தட்டைக் கழற்றிப் பார்க்கட்டும். அடுத்து பிசிவி. அப்புறம் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். ஒன்று மட்டும் எண்ணெய்க் கரியோடு இருந்தால் அந்தச் சிலிண்டரில் விஷயம் இருக்கிறது. பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். மச்சான், அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார். கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வு. ஆனால் கம்ப்ரஷன் நன்றாக இருப்பதால் ரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. மேல் இரண்டு ரிங்கும் நன்றாக இருந்து, மூன்றாவது ஆயில் ரிங் மட்டும் ஒட்டியிருந்தால் கம்ப்ரஷன் நூற்றுக்கு நூறு காட்டும், ஆயிலும் போய்க்கொண்டே இருக்கும். பிளக் ஓட்டை வழியாகச் சின்னக் கேமரா விட்டு, பிஸ்டன் தலையின் ஓரம் எண்ணெயில் நனைந்து இருக்கிறதா, சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது பிசிவி மாற்றியிருக்கிறான். அதன் பிறகு ஓடிய தூரம் போதாது. ஆகவே நான் எதுவும் சொல்லவில்லை.

கம்பெனியோடு வாதாடவும் அதே நோட்டுதான் ஆயுதம். நான் மேலே சொன்ன டொயோட்டா இன்ஜின், 2007 முதல் வந்த கேம்ரி கார்களிலும் வேறு சில மாடல்களிலும் இருந்தது. ஆயில் குடிக்கிறது என்று புகார் குவிந்த பிறகு வாரண்டியை நீட்டி, அளந்து பார்த்து, வரம்பு தாண்டினால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக் கொடுத்தார்கள். சுபாரு மேல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். 2016-இல் சமரசமாகி, அந்தக் கார்களுக்கு ஆயில் குடிக்கிற கோளாறுக்கான வாரண்டியை 5 வருடம், 60,000 மைல் என்பதிலிருந்து 8 வருடம், 1,00,000 மைல் என்று நீட்டினார்கள். “நார்மல்” என்று கேட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் இது நடந்திருக்காது. தேதி, மைல், ஊற்றிய அளவு என்று எழுதி வைத்திருந்தவர்கள் பேச்சுக்குத்தான் எடை இருந்திருக்கும். வாரண்டி இருக்கிறவர்கள் ஷோரூமிலேயே ஆயில் அளவு சோதனை செய்து தரச் சொல்லுங்கள்; அளந்து நிரப்பி, முத்திரை வைத்து அனுப்பி, குறிப்பிட்ட தூரம் ஓடியதும் மறுபடி அளப்பார்கள். அதை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, கோயம்புத்தூரில் இருக்கும் என் அண்ணன் பேரனுக்கு. செகண்ட் ஹேண்டில் கூரை திறக்கிற கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சாயந்திரம் போகாதே கண்ணு, விடிகாலையில் போ. சொல்லிவிட்டுப் போகாதே. முதல் வேலையாக பானெட்டின் மேல் கையை வை. சில்லென்று இருந்தால் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீ சைலன்சர் பக்கம் நின்று பார். வெதுவெதுப்பாக இருந்தால், இவ்வளவு காலையில் எதற்காக ஸ்டார்ட் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

மற்றவர்கள் சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். போன் வேண்டாம், சாயந்திரத்துக்கு மேல் எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.